உட்கார்ந்திருப்பவரை எழுப்பக் கூடாது

எங்கள் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்த அன்று இரண்டு பேருக்கு அடிபட்டது. ஒருவர் என் அம்மா. பார்க்கிங்கில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிற்று. இன்னொன்று என் காரின் முன்சீட். டிரைவருக்குப் பக்கத்து சீட். வெடித்த குழாய்க்கு நேர் கீழேதான் வண்டி நின்றிருந்தது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. அதை இறக்கிவைத்தது யார் என்று எனக்கும் என் மனைவிக்கும் நடுவே விசாரணை நடந்துகொண்டிருந்தது. நான் அவள் என்றேன். அவள் நான் என்றாள். தீர்ப்பு வரவில்லை.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சீட்டைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேர்த்தோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் அம்மாவின் இடுப்பைத் திறந்து, உடைந்ததை எடுத்துக் கடாசிவிட்டு, புது மூட்டு வைத்துத் தைத்து, கைத்தாங்கலாக நடக்கவும் வைத்துவிட்டார்கள். சர்வீஸ் சென்டரில் அதற்குள் எனக்கு டோக்கன் கொடுத்திருந்தார்கள்.

அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "இடுப்பு ரொம்ப மடங்கக் கூடாது. கார் முன்சீட்ட முழுசா பின்னால தள்ளி, முதுகு சாய்ச்சு, உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போங்க."

முன்சீட்டோ டேஷ்போர்டுக்கு முத்தம் கொடுக்கும் தூரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. குழாய் வெடிப்பதற்கு முன்தினம் பின்னால் ஒரு புத்தக அலமாரியை ஏற்றிவருவதற்காகப் பொத்தானை அமுக்கி அதை முன்னால் தள்ளியிருந்தேன். அது மோட்டாரில் ஓடும் சீட். முன்னே, பின்னே, மேலே, கீழே, சாய, நிமிர எல்லாவற்றுக்கும் பொத்தான். அடியில் தண்ணீர் புகுந்ததும் எந்தப் பொத்தானுக்கும் அது அசையவில்லை. அந்த இடைவெளியில் ஒரு குடை உட்காரலாம். அதுவும் மடக்கிய குடை.

"ஆம்புலன்ஸ் சொல்லிடறேம்மா" என்றேன்.

"போகும்போதுதான் படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போனீங்க. வரும்போது நான் உக்காந்துதான் வருவேன். முன்சீட்ல" என்றாள் அம்மா.

"சரி, வாடகைக் கார்?"

"நம்ம வண்டிக்கு என்ன கேடு?"

பேச்சு முடிந்தது. "அத்தை சொல்லிட்டாங்கன்னா சொல்லிட்டாங்க" என்று மனைவி என்னைப் பார்த்தாள். அதாவது, போ, சீட்டைக் கொண்டுவா. இத்தனைக்கும் இந்தக் காரை வாங்கியபோது, "சீட்டத் தள்ள எதுக்குடா மோட்டாரு? உனக்குக் கையில்லையா?" என்று கேட்டது இதே அம்மாதான். அப்புறம் ஏறும்போதெல்லாம் வீடு வந்து சேரும்வரை அந்தப் பொத்தானை அமுக்கி அமுக்கி விளையாடியதும் இதே அம்மாதான்.

என் பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் தெரியவில்லை என்று வருகிறவரிடம், 'என்ன தெரியவில்லை?' என்று கேட்டு, தெரிய வைத்து அனுப்புவேன். உலகத்தில் எல்லாக் கடையும் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொண்டு, டோக்கனும் கையுமாக அந்தச் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கூடம் பிரமாதம். முகம் தெரியும் தரை. ஆள் புதைகிற சோபாக்கள். பணம் கேட்காமல் காபி கொடுக்கும் மெஷின். ஒரு சுவர் முழுக்கக் கேடயங்கள். நடுவில் பெரியதாக ஒன்று: தண்ணீரால் பாதிக்கப்பட்ட சீட்டுகளை மிக அதிகமாகப் பழுதுபார்த்த கிளை. எதிர்ச் சுவரில் பொன்னெழுத்தில் உறுதிமொழிகள். முதல் உறுதிமொழி: எந்த வண்டியையும் உள்ளும் புறமும் கழுவாமல் அனுப்ப மாட்டோம். இரண்டாவது: உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரை எழுப்ப மாட்டோம்.

இரண்டாவதற்கு அர்த்தம் புரியாமல் சுற்றிப் பார்த்தேன். ஓரத்துச் சோபாவில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவர் வண்டி எப்பவோ ரெடி சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. டை கட்டிய இளைஞர். சட்டையில் 'ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. "ஒருதடவை தூங்கிட்டிருந்த கஸ்டமரை எங்காளு ஒருத்தன் தட்டி எழுப்பிட்டான். அவர் தலைமை ஆபீஸ்வரைக்கும் போயிட்டார். அதுலேருந்து, உக்காந்திருக்கறவங்கள எந்திரிங்கன்னு சொல்ற அதிகாரம் இங்க யாருக்கும் கிடையாது. மேனேஜருக்கே கிடையாது."

"அவரா எழுந்தா?"

"அது அவரோட உரிமை சார்."

ஆலோசகர் என் காருக்கு வந்தார். வண்டியைச் சுற்றி நடந்து, கதவைத் திறந்து, சீட்டின் பொத்தானை ஒரு விரலால் அமுக்கினார். சத்தமில்லை. வேறு விரலால் அமுக்கினார். அதற்கும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, துக்கம் சொல்லும் குரலில் சொன்னார்: "சார், சீட் வேலை செய்யல."

"அதத்தானேங்க வந்ததுலேருந்து சொல்லிட்டிருக்கேன்!"

"இல்ல சார். நீங்க சொன்னது புகார். நான் சொல்றது கண்டுபிடிப்பு."

கண்டுபிடிப்பு கம்ப்யூட்டரில் ஏறியது. வண்டி உள்ளே போயிற்று. மறுநாள் கூப்பிட்டார்கள், கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். ஆலோசகர் சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைக் கோத்துக்கொண்டார்.

"சீட் நாலு போல்ட்ல தரையோட நிக்குது சார். பின் ரெண்டு போல்ட்டக் கழட்டிட்டோம். முன் ரெண்டும் சீட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கு. அதக் கழட்டணும்னா சீட்டப் பின்னால நகர்த்தணும்."

"சீட் நகராதே."

"கரெக்ட் சார். நகராத சீட்டக் கழட்டினாத்தான் நகராத காரணம் தெரியும். கழட்டணும்னா நகரணும்."

"அப்ப?"

"தலைமை ஆபீஸுக்குக் கேட்டு எழுதியிருக்கோம்."

தலைமை ஆபீஸ் பதில் அனுப்பியது. ஆலோசகர் அதை என்னிடம் பெருமையோடு படித்துக் காட்டினார். முதலில் சீட்டைப் பின்னால் நகர்த்தவும் என்று இருந்தது.   

கடைசியில் மெக்கானிக்கே பொறுமையிழந்துவிட்டார். கட்டையான ஆள், எப்போதும் யாரையோ திட்டிக்கொண்டிருக்கும் முகம். பொத்தானையும் கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டு, கையை அடியில் விட்டு மோட்டார் வயரைப் பிடுங்கி, தனி பேட்டரியில் நேராகக் கொடுத்தார். சீட் முனகிக்கொண்டு பின்னால் போயிற்று. சீட்டைத் தூக்கி வெளியே வைத்தார். இணைப்புகளில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைச் சுரண்டினார். அடியிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காயவைத்தார். நுரைப் பஞ்சுக்குக் காற்றடித்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அமுக்கினேன். சீட் ர்ர்ர்ரென்று பின்னால் போய், முதுகு மெல்லச் சாய்ந்து, என்னைக் கூரையைப் பார்க்க வைத்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ரெடியாயிடுச்சும்மா! நாளைக்குக் காலைல வரேன்."

"சாயுதா?"

"சாயுது."

"மேல தூக்குதா? எனக்கு ரோடு தெரியணும்."

"தூக்குதும்மா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்: "நான் சரி பண்ணிட்டேன். இதுக்கப்பறம் நடக்கறதுக்கு என்னைக் கேக்காதீங்க." அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வண்டியைக் கையில் கொடுப்பது அங்கே ஒரு விழா. வண்டி ஒரு பட்டுத்திரைக்குப் பின்னால் நிற்கும். ஊழியர்கள் இரண்டு வரிசையில் நின்று கை தட்டுவார்கள். திரை விலகும். ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவியை நம் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். நானும் பல்லைக் காட்டி நின்றேன். வண்டி முகம் பார்க்கலாம்போல மின்னியது. உள்ளே பூவாசனை. வீட்டுக்குக் கிளம்பும் முன், சும்மா ஒரு ஆசைக்கு, பொத்தானை அமுக்கினேன்.

சீட் அசையவில்லை. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண்ணடித்தது.

"என்னங்க இது?"

ஆலோசகர் எட்டிப் பார்த்தார். ஒரு விரலால் அமுக்கினார். வேறு விரலால் அமுக்கினார். "சார், சீட் வேலை செய்யல."

"சரி பண்ணிட்டீங்களே! இப்பத்தானே சாஞ்சுது!"

"அந்தப் புகார் முடிஞ்சுபோச்சு சார். இது புதுசு." குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டு, ஈர விரல்களை என்னிடம் காட்டினார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "தண்ணி போயிருக்கு சார். கஸ்டமர்ஸ் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்."

வண்டி திரும்ப உள்ளே போயிற்று. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மனைவியிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா போனை வாங்கினாள்.

"ஏண்டா, இங்க இடுப்பையே கழட்டி மாட்டிட்டாங்க. உன்னால ஒரு சீட்டச் சாய்க்க முடியலையா?"

"அங்க தண்ணி போயிருச்சும்மா."

"எனக்குந்தான் தண்ணில விழுந்து இடுப்பு போச்சு. நான் எந்திரிச்சு நடக்கலையா? நர்ஸம்மா தினம் வந்து பெட்ட எப்பக் காலி பண்றீங்கன்னு கேக்குது. மூஞ்சியப் பாக்க முடியல என்னால."

மெக்கானிக் மறுபடி சரி செய்தார். நான் மறுபடி சாய்ந்தேன். மறுபடி திரை, கைதட்டல், அட்டைச் சாவி, படம். மறுபடி சிவப்பு விளக்கு. இரண்டாவது படத்தில் நான் பல்லைக் காட்டவில்லை என்று சொல்லி இன்னொருமுறை எடுத்தார்கள்.

அதற்கடுத்த தடவை கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் நம் வண்டிக்கு நடப்பதை நாமே பார்க்கலாமாம், ஒளிவுமறைவற்ற சேவை. பார்த்தேன். மெக்கானிக் சீட்டை மாட்டி முடித்து, பொத்தானை அமுக்கிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். வண்டி தரையில் ஓடும் பட்டையில் தானாக நகர்ந்து இன்னொரு கூடத்துக்குள் போயிற்று. ரப்பர் காலணி போட்ட ஒருவர் நான்கு கதவையும் திறந்தார். ஒரு பெரிய குழாயை எடுத்தார். என் சீட்டுக்கு அடியில் விட்டார். திறந்தார்.

காபியைக் கொட்டிக்கொண்டு எழுந்து ஓடினேன். "யோவ்! நிறுத்துய்யா! அங்கதான் மோட்டார் இருக்கு!"

கண்ணாடிக் கதவு வழிமறித்தது. கஸ்டமர்கள் உள்ளே வரக் கூடாது, பாதுகாப்பு. கத்தியது கேட்டு மேனேஜரே வந்தார். வெள்ளைச் சட்டை, மணக்கும் கை, யார் திட்டினாலும் கலையாத சிரிப்பு.

"சீட்டுக்கு அடியில தண்ணி அடிக்கறீங்களே! நீங்கதானே அதக் கெடுக்கறீங்க!"

"தண்ணின்னு சொல்லாதீங்க சார்" என்றார் மேனேஜர், மனம் நொந்து. "அது சேவை. இலவச சேவை. உறுதிமொழியப் படிச்சிருப்பீங்களே, உள்ளும் புறமும்."

"சேவையோ தண்ணியோ, ஈரமாகுதா இல்லையா?"

"ஈரமாகும். அதுக்குத்தான் எங்ககிட்ட தண்ணி பாதிச்ச சீட்டுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு." கேடயச் சுவரைக் காட்டினார். "மொத்தக் கம்பெனிலயும் நம்ம கிளைக்குத்தான் இவ்வளவு ஈர சீட் வருது. மழையே இல்லாத மாசத்துலயும் வருது. அவ்வளவு நம்பிக்கை சார் மக்களுக்கு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கிண்டலாகச் சொல்கிறாரா என்று தேடினேன். ஐயோ, இல்லை. மனிதர் மனதாரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கழுவாம குடுத்துடுங்க. எனக்கு அழுக்கு வண்டி போதும்."

பக்கத்தில் நின்ற ஆலோசகர் டையைப் பிடித்துக்கொண்டார். மேனேஜரின் சிரிப்பு மட்டும் இம்மியும் குறையவில்லை. "கழுவியாச்சுன்னு கம்ப்யூட்டர்ல பதிவானாத்தான் வெளி கேட் திறக்கும் சார். நான் நினைச்சாலும் திறக்காது. இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சீட் ஓடறது முக்கியம்தான். ஆனா கஸ்டமரோட சந்தோஷம் அத விட முக்கியம். இதுவரைக்கும் வந்த கருத்துல மோட்டாரப் பாத்து யாரும் மார்க் போட்டதில்ல. பளபளப்பப் பாத்துதான் போடறாங்க. ரிப்பேர் ஆன வண்டி அழுக்கா போச்சுன்னா எங்க பேரு கெடும். பளபளப்பான வண்டி ரிப்பேரோட போனா, திரும்ப எங்ககிட்டதானே வரும்?"

"அப்ப முதல்ல கழுவிட்டு, அப்பறம் ரிப்பேர் பண்ணுங்க!"

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய யோசனை அதுதான் என்று அந்த நிமிடம் நினைத்தேன். மேனேஜரும் ஒரு கணம் யோசித்தார்.

"ரிப்பேர் பண்ணா மெக்கானிக் கை பட்டுடும் சார். கை பட்டா?"

"பட்டா?"

"கழுவணும்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் மெக்கானிக் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரத்தில் எனக்காக ஒருவரும் வருத்தப்படவில்லை. நான் அவருக்காக வருத்தப்பட்டேன்.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கட்டில் ஓரத்தில் கிளம்பும் உடையில் உட்கார்ந்திருந்தாள். பை கட்டிவைத்திருந்தது. காலையிலேயே கட்டிவிட்டாளாம். எதிர்க் கட்டிலில் அம்மாவுக்கு அப்புறம் வந்து சேர்ந்தவர்கள்கூட வீட்டுக்குப் போயாயிற்று. நான் இல்லை என்று தலையை ஆட்டியதுமே புரிந்துகொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஆம்புலன்ஸே சொல்லிடு" என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "படுத்துக்கிட்டே வரேன். பரவால்ல."

அம்மா 'பரவால்ல' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.  அவள் விழுந்த அன்று ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும்போது கட்டடமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். அதே ஆட்கள் முன்னால் மறுபடி படுத்துக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்றால், அந்த இடுப்பை மாற்றி என்ன பிரயோஜனம்?

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரேன். பைய அவுக்காத" என்றேன்.

மறுநாள் சென்டருக்குப் போகும்போது ஒரு பெரிய பிளாஸ்டிக் விரிப்பும், சில பிளாஸ்டிக் பைகளும் கொண்டுபோனேன். மெக்கானிக் சீட்டை மறுபடி சரி செய்து முடித்திருந்தார். விரிப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி, அடியிலிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நான் சீட் முழுக்க விரிப்பைப் போட்டு, ஓரங்களைச் செருகி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். வண்டி என்னோடு கழுவும் கூடத்துக்குள் போயிற்று.

ரப்பர் காலணிக்காரர்தான் அங்கே சூபர்வைசர். குழாயோடு கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு நின்றுவிட்டார்.

"சார், கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அது தடை செய்யப்பட்ட வார்த்தை. போய் ஆலோசகரைக் கூட்டிவந்தார்.

"சார், வெளிய சோபா இன்னும் வசதியா இருக்கும்" என்றார் ஆலோசகர்.

"இதுவே வசதியா இருக்குங்க."

"காபி சூடா வந்திருக்கு, அங்க."

"இங்க கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். குடித்தேன். மேனேஜர் வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "கழுவாம அனுப்பக் கூடாது. எழுப்பவும் கூடாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். இரண்டு உறுதிமொழிகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதை அந்தக் கம்பெனி அதுவரை கண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது.

"சீட்ல உக்காந்திருக்கறவர், சட்டப்படி, சீட்டோட ஒரு பாகம்" என்று அறிவித்தார். "கழுவுங்க."

கழுவினார்கள். எப்பேர்ப்பட்ட கழுவல்! முதலில் தண்ணீர். அப்புறம் நுரை. தலை, காது, கழுத்து எதையும் விடவில்லை. நான் குனிந்து, இரண்டு கையாலும் விரிப்பின் ஓரங்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுழலும் பிரஷ் என் தோளில் ஏறி இறங்கியது.

"இது என்ன ஷாம்புய்யா? கண்ணெல்லாம் எரியுது!"

"லெதருக்கு உள்ளது சார்" என்றார் சூபர்வைசர், பணிவாக. "காஞ்சதும் பளபளன்னு ஆயிடுவீங்க."

அப்புறம் உறிஞ்சும் இயந்திரத்தால் என் சட்டைப் பையைச் சுத்தம் செய்தார்கள். பூவாசனை அடித்தார்கள். கம்ப்யூட்டரில் பதிவு ஏறியது. திரை விலகியது, கை தட்டினார்கள், சொட்டச் சொட்ட அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை பல் தானாகவே தெரிந்தது. வெளி கேட் திறந்தது. விரிப்பைச் சுருட்டி எறிந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கினேன்.

ர்ர்ர்ர்.

கூடத்தின் கண்ணாடி வழியாக, அந்த மனிதர் சோபாவில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. இப்போது அவருக்கு யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா சக்கர நாற்காலியில் தயாராக இருந்தாள். பக்கத்தில் மனைவி, கையில் பை. என்னைப் பார்த்ததும் அம்மா முகம் மாறியது.

"என்னடா இது கோலம்? மறுபடியும் குழாய் வெடிச்சிடுச்சா?"

"இது சேவைம்மா. இலவசம். நீ ஏறு."

நர்ஸ் தாங்கிப் பிடிக்க, அம்மா முதுகை உள்ளே காட்டி முன்சீட்டில் உட்கார்ந்து, கால்களை மெதுவாக உள்ளே எடுத்தாள். சீட் முழுக்கப் பின்னால் இருந்தது, அளவாகச் சாய்ந்திருந்தது. அம்மா கை தானாகப் பொத்தானைத் தேடியது. சீட்டை உயர்த்தினாள். இறக்கினாள். ரோடு தெரிகிற உயரத்துக்கு மறுபடி உயர்த்தினாள்.

"ம்... போ" என்றாள்.

வண்டி கிளம்பியது. என் சட்டையிலிருந்து சொட்டுகிற சத்தம்தான். அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கிக் கண்ணாடிய இறக்கி வெச்சது நான்தான்டா."

நான் வேகத்தைக் குறைத்தேன். பின்சீட்டில் மனைவி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"முன்தினம், நீ அலமாரிக்காக சீட்டத் தள்றதுக்கு முன்னாடி, காத்துக்காக இறக்கினேன். ஏத்த மறந்துட்டேன். குழாய் வெடிச்சு தண்ணி கொட்டற சத்தம் கேட்டதும் ஞாபகம் வந்துச்சு. நீ ஆசையா வாங்கின வண்டியாச்சே, சீட் போயிடுமேன்னு சாவிய எடுத்துக்கிட்டு ஓடினேன். கதவுக்கிட்ட போறதுக்குள்ள வழுக்கிடுச்சு."

"அத்தை! நாங்க ரெண்டு பேரும் தினம் அடிச்சுக்கிட்டோமே!"

"கேட்டேன், கேட்டேன். நல்லாத்தான் அடிச்சுக்கிட்டீங்க."

 ஒரு சீட்டுக்காக இடுப்பை உடைத்துக்கொண்டவள், அதே சீட்டில்தான் வருவேன் என்று ஏன் அடம் பிடித்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். போன் அடித்தது. ஆலோசகர்.

"சார், ஒரு சின்ன விஷயம். நீங்க உக்காந்திருந்ததால சீட்டோட அடிப்பகுதி கழுவப்படலன்னு கம்ப்யூட்டர் காட்டுது. கவலைப்படாதீங்க. வீட்டுக்கே வந்து கழுவற வண்டிய அனுப்பிட்டோம். கிட்ட வந்துட்டாங்க. இலவசம் சார்."

போனை அப்படியே வைத்துவிட்டு வண்டியை விரட்டினேன். எங்கள் கட்டடத்துக்குள் நுழைந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அம்மா உட்கார்ந்து வருவதைப் பார்க்க மாடிகளிலிருந்து தலைகள் எட்டின. அம்மா முதுகை நிமிர்த்தி, ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கிக் காட்டினாள். அதற்குள் எங்களுக்குப் பின்னாலேயே ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. சூபர்வைசர் இறங்கினார். குழாயையும் இழுத்துக்கொண்டு, சிரித்த முகமாக, அம்மா பக்கத்துக் கதவுக்கு வந்தார்.

நான் இறங்கி ஓடிப்போய் குறுக்கே நின்றேன். "அம்மா! சீட்டுக்கு அடியில தண்ணி அடிக்கத்தான் வந்திருக்காங்க! இவங்க ரூல்படி, உக்காந்திருக்கறவங்கள மட்டும் எழுப்ப முடியாது!"

"அப்படியா?" என்றாள் அம்மா. சூபர்வைசரை ஏற இறங்கப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அப்புறம் கதவிலிருந்த பொத்தானை அமுக்கினாள். கண்ணாடி மேலே ஏறி, இடைவெளியே இல்லாமல் மூடிக்கொண்டது. இந்தத் தடவை நேரத்துக்கு ஏற்றிவிட்டாள். உள்ளே சீட் மெல்லச் சாய்ந்தது. அம்மா கைகளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

சூபர்வைசர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "எப்ப எந்திரிப்பாங்க சார்?"

"தெரியலையே. எழுப்பிப் பாருங்களேன்."

அவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். மனைவி துண்டு எடுத்துவர மேலே போனாள். சூபர்வைசர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் குழாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார். அவரையும் யாரும் எழுப்பவில்லை.